மெக்சிக்கோத் தெருச் சோளனுக்கு நம்மூர்க் கதிர் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இதழின் சமையல் பக்கத்தில் வந்த மெக்சிக்கோத் தெருச் சோளன் குறிப்பு பற்றி எழுதுகிறோம். இனிப்புச் சோளன் நான்கு, மயோனைஸ், சீஸ், மிளகாய்த்தூள், தேசிக்காய் என்று அதில் இருந்தது. பொருட்களில் பிழையில்லை. ஆனால் சொன்னபடியே செய்தால் மயோனைஸ் வழிந்து தட்டில் தேங்கும், சீஸ் பசையாக ஒட்டும், சோளன் திகட்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. திருத்தத் தேவையானவையும் திருகோணமலைச் சந்தையிலேயே கிடைக்கின்றன.

முதலில் கதிர். மெக்சிக்கோ வீதிகளில் 'எலோத்தே' என்று விற்பது இனிப்புச் சோளன் அல்ல. மாப்பிடிப்புள்ள, பல்லில் கடிபடுகிற வெள்ளைச் சோளனை இளம் பருவத்தில் பறித்து விற்கிறார்கள். கந்தளாய், ஹபரணைப் பக்கம் வீதியோரத்தில் அவித்து விற்கும் கதிர், நிறத்தில் மஞ்சள் என்பதைத் தவிர, அதற்கு மிகக் கிட்டியது. கடையில் பொதி செய்து வரும் இனிப்புச் சோளனுக்குக் கூடிய விலை கொடுக்கவே தேவையில்லை.

வாங்கும்போது மயிர் காய்ந்து கபில நிறமாகவும் மடல் பச்சையாகவும் இருக்க வேண்டும். நுனி மடலைக் கொஞ்சம் விலக்கி ஒரு மணியை நகத்தால் அழுத்துங்கள். பால் தெறித்தால் சரியான பருவம். தெளிந்த தண்ணீர் வந்தால் பிஞ்சு. நகம் இறங்காமல் மாவாக இருந்தால் முற்றிவிட்டது. எவ்வளவு நேரம் அவித்தாலும் அதன் தோல் மெதுமையாகாது. பறித்த நேரத்திலிருந்தே மணியிலுள்ள சீனி மாப்பொருளாக மாறத் தொடங்கும், நம் வெயிலுக்கு இன்னும் கெதியாக. ஆகவே வாங்கிய அன்றே சமையுங்கள். முடியாவிட்டால் மடலை உரிக்காமல் பிரிட்ஜில் வையுங்கள்.

இந்தக் கதிரை நேரே தணலில் போட்டால் வெளியே கருகும், உள்ளே வேகாது. அவித்த பிறகுதான் சுட வேண்டும். உள்மடல் இரண்டை விட்டுவிட்டு, கதிர் மூழ்கும் தண்ணீரில் 20 முதல் 30 நிமிடம் அவியுங்கள். உப்புப் போட்டால் தோல் இறுகும் என்பார்கள். இறுக்குவது உப்பல்ல, தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் கிணற்றுத் தண்ணீர் என்றால் வேறு தண்ணீர் எடுங்கள்.

அடுத்தது, குறிப்பில் விடுபட்டுப்போன வேலை. அவித்த கதிரை உரித்து, 10 நிமிடம் ஆவி போகவிட்டு, துணியால் துடைக்க வேண்டும். மணி வரிசைகளுக்கு நடுவில் ஈரம் நின்றால் மயோனைஸ் பிடிக்காது. பட்டர் பூசிவிட்டு அதன்மேல் மயோனைஸ் தடவினாலும் வழுக்கும். இரண்டில் ஒன்று போதும். துடைத்த கதிரின் காம்புப் பக்கம் கூரான குச்சியை இரண்டு அங்குலம் இறக்கி, சிரட்டைக் கரித் தணலில் 5, 6 நிமிடம் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். தணலின் மேல் வெண்சாம்பல் பூத்த பிறகே கதிரை வையுங்கள், அதற்கு முன் வைத்தால் புகைக்கரி ஒட்டும். காஸ் அடுப்பென்றால் தடித்த தோசைக்கல்லை நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் இல்லாமல் உருட்டினால் கரும்புள்ளி விழும்.

இறக்கியதும் 2 நிமிடம் பொறுங்கள். கொதிக்கக் கொதிக்கத் தடவினால் மயோனைஸ் வெண்மை போய்க் கண்ணாடிபோல ஆகும். பிறகு எண்ணெய் பிரிந்து மணிகளுக்கு நடுவே வாய்க்காலாக ஓடும்.

தடவுவதற்கு நான்கு கதிருக்கு மயோனைஸ் 4 மேசைக்கரண்டி, வடித்த எருமைத் தயிர் 4 மேசைக்கரண்டி. மெக்சிக்கோவில் சேர்க்கும் 'கிரேமா' என்ற புளிப்புப் பாலாடைக்கு நம் முட்டித் தயிர் நல்ல மாற்று. ஆனால் அப்படியே கலந்தால் நீர்த்துவிடும். ஒரு கோப்பைத் தயிரை மெல்லிய துணியில் கட்டி இரண்டு மணித்தியாலம் தொங்கவிடுங்கள். மயோனைஸை வீட்டில் அடிப்பவர்கள் தேங்காய் எண்ணெய் பாவிக்க வேண்டாம். பிரிட்ஜில் அது உறைந்து கலவை திரியும். பச்சை முட்டை சேர்வதால் அன்றைக்கே முடித்துவிடுங்கள், கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டாம்.

சீஸ் விடயத்தில்தான் பெரும்பாலும் பிழை விடப்படுகிறது. அங்கே தூவுவது மிச்சோவாகான் மாநிலத்துக் கொத்தீஹா ஊரின் பெயரைக் கொண்ட சீஸ். உப்புக் கூடியது, உதிரும், சூட்டில் உருகாது. நம் கடைகளிலுள்ள பதப்படுத்திய சீஸ் உருகுவதற்கென்றே செய்தது, அதைத் துருவிப் போட்டால் களியாகும். பதிலுக்கு ஒரு லீற்றர் பசும்பாலைக் கொதிக்கவைத்து, அடுப்பை நிறுத்தி, 3 மேசைக்கரண்டி தேசிப்புளியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் திரியவிடுங்கள். நீர் பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்ததும் துணியில் வடித்து, ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பைப் பிசறி, அம்மிக் குழவியைப் பாரமாக வைத்து ஒரு மணித்தியாலம் விடுங்கள். பிறகு மூடாமல் பிரிட்ஜில் ஓர் இரவு காய வேண்டும். ஏறக்குறைய 150 கிராம் கிடைக்கும், நான்கு கதிருக்கு அதில் பாதி போதும். பால்மாவைக் கரைத்தோ நீண்டநாள் வைக்கும் பெட்டிப் பாலிலோ செய்தால் தளர்வாகவே திரளும். மாதக்கணக்கில் முதிர்ந்த சீஸின் காரமான மணம் இதில் வராது. உப்பும் உதிர்வும் சரியாக வரும்.

கறித்தூள் வேண்டாம், மல்லி சீரக வாசம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ஆறு செத்தல் மிளகாயின் விதையையும் உள்நரம்பையும் நீக்குங்கள், உறைப்பு அதிகம் இருப்பது அந்த நரம்பில்தான். இளஞ்சூட்டில் ஒரு நிமிடம் வறுத்து, ஒரு தேக்கரண்டி உப்போடு இடியுங்கள். கறுத்தால் கசக்கும்.

மெல்லியதாகத் தடவி, சீஸில் உருட்டி, மிளகாயைத் தூவி, தேசிக்காயைக் கடைசியாகச் சாப்பிடும்போதே பிழியுங்கள். முன்கூட்டிப் பிழிந்தால் சீஸ் நனைந்து கழரும்.

கதிர் கொஞ்சம் முற்றல் என்றால் குச்சியில் குத்த வேண்டாம். மணிகளைச் சீவி, ஒரு மேசைக்கரண்டி பட்டரில் வதக்கி, அரைக் கோப்பைத் தண்ணீர் விட்டு மூடி 15 நிமிடம் வேகவிடுங்கள். அதே கலவையைக் கோப்பையில் மேலே போட்டுக் கரண்டியால் சாப்பிடலாம். மெக்சிக்கோவில் அதற்கு 'எஸ்கித்தெஸ்' என்று தனிப் பெயரே உண்டு. அடுத்த முறை சமையல் பக்கத்தில் இதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர்,
உவர்மலை, திருகோணமலை.