ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் அந்தச் சீட்டு

கண் மருத்துவமனை நடத்துகிறவர்களுக்கும், ஊர் ஊராக முகாம் போடுகிறவர்களுக்கும் வணக்கம்.

ஆபரேஷனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் புரையை எடுத்து லென்ஸ் வைத்து, அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறீர்கள், எங்கள் அத்தைக்கு இப்போது பார்வை நன்றாகவே தெரிகிறது. ஆனால் அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் வைத்தியம் முழுக்க வீட்டில், எங்கள் கையில்தான் நடக்கிறது. அதற்கு நீங்கள் கொடுப்பது ஒரு சீட்டு, பொடி எழுத்தில், பாதிக்கு மேல் இங்கிலீஷில்.

அத்தைக்குக் கொடுத்தது இரண்டு சொட்டு மருந்து, பார்க்க இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி. ஒன்றை முதல் வாரம் 6 வேளை, அடுத்த வாரம் 5 வேளை என்று வாராவாரம் குறைத்துக்கொண்டே வரவேண்டும். அது ஸ்டீராய்டு, கண் நன்றாகிவிட்டதென்று பாதியில் நிறுத்தினால் உள்ளே அழற்சி திரும்பலாம், நாமாக நீட்டித்தால் கண்ணழுத்தம் ஏறலாம் என்பதெல்லாம் மருந்துக்கடைத் தம்பி சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. பால் போல இருக்கும் அந்த மருந்து அடியில் தங்கிவிடும், குலுக்கித்தான் விடவேண்டும். ஒன்று விட்டு 5 நிமிஷமாவது கழித்துத்தான் அடுத்தது, இல்லாவிட்டால் முதலில் விட்டது கரைந்து வழிந்துவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் இமையை மெல்ல இழுத்து, பாட்டில் நுனி எங்கேயும் படாமல் ஒரே ஒரு சொட்டு. கேட்க லேசாக இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் எல்லாம் திருப்பூரில் இருக்க வீட்டில் தனியாகக் கிடக்கிற கிழவி இதை எப்படிச் செய்வாள்? அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை அவர்கள் கையாலேயே விடச்சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், பார்க்க வருகிற ஆளுக்கொரு வைத்தியம். நந்தியாவட்டைப் பூவை ஒற்று, விளக்கெண்ணெய் விடு, தாய்ப்பால் விட்டால் குளிர்ச்சி என்பார்கள். எல்லாம் பிரியத்தில் சொல்வதுதான், முகத்துக்கு நேரே மறுக்க முடிவதில்லை. வேறு எதையும் கண்ணில் விடக்கூடாது என்று உங்கள் சீட்டிலேயே கொட்டை எழுத்தில் இருந்தால் அதைக் காட்டிவிடலாம். தலைக்கு எப்போது குளிக்கலாம், விறகடுப்புப் புகையில் எத்தனை நாள் நிற்கக்கூடாது, தண்ணீர்க் குடம் எப்போது தூக்கலாம், இதையும் எங்கள் வீட்டு வேலையை வைத்தே எழுதுங்கள். 'கடின வேலை கூடாது' என்றால் அத்தைக்குக் குடம் தூக்குவது கடின வேலையே இல்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் ஒன்றில்தான். வலி கூடினாலும், சிவப்பு ஏறினாலும், தெரிந்த பார்வை மங்கினாலும் 'ஆபரேஷன் செய்த கண் அப்படித்தான் இருக்கும்' என்று மறு பரிசோதனைத் தேதி வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறவர்கள் உண்டு. உள்ளே கிருமி தொற்றியிருந்தால் ஒரு நாள் தாமதத்திலேயே பார்வை போய்விடலாம்.

மதுரையில் ஆரோலேப் என்ற நிறுவனம் 1992இல் உள்விழி லென்ஸைச் செய்யத் தொடங்கி ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. அதைச் செய்த ஊரில் பெரிய தமிழ் எழுத்தில் ஒரு தாள் அச்சடிப்பது பெரிய காரியமில்லை. பாட்டிலில் சிவப்பு, பச்சை என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள், தாளிலும் அதே நிறத்தில் வேளைக்கு ஒரு கட்டம் போடுங்கள். மேலே, ராத்திரியிலும் யாராவது எடுக்கிற ஒரு போன் நம்பர்.