நுனியை ஒடித்த பேரனுக்கு ஒரு வக்காலத்து

அன்புள்ள கோமதிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கொஞ்ச நாள் படிக்காதே, எழுதாதே என்று உத்தரவு. அதனால்தான் தாமதம். இப்போது பார்வை பளிச்சென்று இருக்கிறது. வீட்டுச் சுவர் இவ்வளவு அழுக்கு என்பது இத்தனை நாள் தெரியாமல் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

நீயும் சரியான ஆள்தான். முழங்கால் வலியைப் பற்றி இரண்டே வரி, செம்பருத்திச் செடியைப் பற்றி ஒன்றரைப் பக்கம். பேரன் பந்தை வீசிச் செடியின் நுனியை ஒடித்துவிட்டான், நீ அவனைத் திட்டித் தீர்த்தாய், மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் ஒடிந்த இடத்துக்குக் கீழே மூன்று கிளை. "முப்பது வருஷம் தாவரவியல் நடத்தினாயே, இது ஏன் என்று சொல்" என்று கேட்டிருக்கிறாய். முதலில் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேள். மற்றது கொஞ்சம் நீளம், உட்கார்ந்து படி.

ஒவ்வொரு இலைக்காம்பும் தண்டோடு சேருகிற இடுக்கில் ஒரு சின்ன மொட்டு இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு பார், அரிசி முனை அளவுக்குத் தெரியும். எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும். நுனியில் உண்டாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டு வழியாகக் கீழே இறங்குகிறது. அது இறங்கும்வரை மொட்டுகள் விழிப்பதில்லை. நுனி போனால் ஆக்சினும் போகும், மொட்டுகள் விழித்துக்கொள்ளும். 1930-களிலேயே, வெட்டிய நுனிக்குப் பதிலாக ஆக்சினைத் தடவிப் பார்த்தார்கள். மொட்டுகள் தூங்கியபடியே இருந்தன. இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். ஐந்து மதிப்பெண் கேள்வி. இப்படி எழுதிய எல்லோருக்கும் நான் ஐந்தும் போட்டிருக்கிறேன்.

ஆனால் அது பாதிப் பதில்தான். மேலிருந்து வரும் ஆக்சின் அந்த மொட்டுக்குள் நுழைவதே இல்லை. தண்டோடு இறங்கிப் போய்விடுகிறது. அதோடு அதன் நடை மகா மெதுவு, ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். 2014-ல் பட்டாணிச் செடியை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், நுனியை வெட்டியதும் வெகு கீழே இருக்கிற மொட்டு சில மணி நேரத்திலேயே பருக்கத் தொடங்கியது தெரிந்தது. ஆக்சின் குறைந்த சேதி அதற்குள் அவ்வளவு தூரம் போய்ச் சேர வழியே இல்லை. முதலில் போய்ச் சேர்ந்தது சர்க்கரை. இலைகள் தயாரித்த சர்க்கரையில் பெரும்பங்கை வளரும் நுனியே இழுத்துக்கொண்டிருந்தது. அது இல்லை என்றானதும் சர்க்கரை மொட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. ஆக்சின் குறைவது அப்புறம் வந்து, விழித்த மொட்டு கிளையாகத் தொடர வேண்டுமா என்பதில் தலையிடுகிறது.

நடுவில் இன்னொரு பாத்திரமும் உண்டு, ஸ்ட்ரிகோலாக்டோன். பயிரின் வேரை உறிஞ்சிப் பிழைக்கும் சுடுமல்லிக் களையின் விதை, பக்கத்தில் வேர் இருக்கிறது என்று மோப்பம் பிடிப்பது இந்தப் பொருளை வைத்துத்தான். அந்த வகையில் அதை 1966-லிருந்தே தெரியும். அதே பொருள் செடிக்குள் கிளைகளை அடக்கி வைக்கும் ஹார்மோன் என்பது தெரிய 2008 ஆகிவிட்டது. நான் நடத்திய பாடத்தில் இது எதுவும் இல்லை.

சரி, ஆக்சின் என்றதும் எனக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வருகிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று ஒளிநாட்டச் சோதனை வைத்து அவமானப்பட்டேனே, அந்தக் கதையின் மறுபாதியை உனக்குச் சொன்னதில்லை. மரப்பெட்டி, உள்ளே முழுக்கக் கறுப்பு வர்ணம், ஒரு பக்கம் மட்டும் காசளவு துளை. உள்ளே ஓட்ஸ் நாற்று மூன்று வரிசை. வந்தவர் முன்னால் பெருமையாகத் திறந்தேன். இரண்டு வரிசை ஒழுங்காகத் துளையைப் பார்த்து வளைந்திருந்தது. கடைசி வரிசையில் நாலு நாற்று மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. "உங்கள் செடிகளுக்குள் கட்சிப் பிளவு போலிருக்கிறது" என்று அவர் சிரித்தார். விதை சரியில்லை என்று நானும் சமாளித்தேன். எல்லோரும் போனபிறகு பெட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், பின்பலகையில் பழைய ஆணி பிடுங்கிய ஓட்டை. கடுகளவு. வர்ணம் அடிக்கும்போது என் கண்ணில் படாதது அந்த நாலு நாற்றுக்கும் தெரிந்திருக்கிறது.

கண் இல்லாத நாற்றுக்கு எப்படித் தெரியும் என்பதைத்தான் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் துருவினார்கள். கேனரிப் புல்லின் முளைக்கு ஒளிபுகாத குல்லாய் மாட்டினார்கள், வளையவில்லை. நுனியை மட்டும் விட்டுவிட்டுக் கீழ்ப்பகுதியை மண்ணால் மூடினார்கள், வளைந்தது. ஆக, பார்ப்பது நுனி, வளைவது அதற்குக் கீழே. நடுவில் ஏதோ ஒன்று இறங்கிப் போகிறது என்று 1880-ல் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். 1926-ல் ஹாலந்தில் பிரிட்ஸ் வெண்ட் என்ற இளைஞர் ஓட்ஸ் முளையின் நுனிகளை வெட்டி அகர் என்ற கடற்பாசிக் கூழின் கட்டி மேல் வைத்தார். பிறகு நுனிகளை எடுத்துவிட்டு, அந்த வெறும் அகர்த் துண்டை நுனியற்ற முளையின் ஒரு ஓரத்தில் மட்டும் வைத்தார். முழு இருட்டில், வெளிச்சமே படாமல், முளை மறுபக்கம் வளைந்தது. இறங்கிப்போகிற அந்தப் பொருள்தான் ஆக்சின். வெளிச்சம் ஒரு பக்கம் பட்டால் ஆக்சின் நிழல் பக்கம் ஒதுங்குகிறது, அந்தப் பக்கத்துச் செல்கள் அதிகமாக நீள்கின்றன, முளை வெளிச்சத்தைப் பார்த்துச் சாய்கிறது.

இதுவரை நான் நன்றாகவே நடத்தியிருக்கிறேன். ஆனால் "ஆக்சின் செல்லை நீளச் செய்கிறது" என்று ஒரு வரி சொல்வேன் பார், அங்கேதான் எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. எப்படிச் செய்கிறது? யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் முழித்திருப்பேன். ஐந்து ஹார்மோனுக்கும் கரும்பலகையில் கட்டம் போட்டு, இது நீட்டும், இது பிரிக்கும், இது பழுக்க வைக்கும், இது உதிர்க்கும் என்று எழுதிப்போட்டேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள், நானும்தான். ஓய்வு பெற்ற பிறகு சாவகாசமாகப் படித்தபோதுதான் தெரிந்தது, ஹார்மோன் போய் "நீளு" என்று உத்தரவு போடுவதில்லை. கட்டியிருக்கிற கயிற்றை அவிழ்த்துவிடுகிறது.

கொட்டிலில் கட்டிய கன்றை நினைத்துக்கொள். ஓடுவதற்கு அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், அவிழ்த்தால் போதும். வளர்ச்சிக்கு வேண்டிய மரபணுக்கள் செல்லுக்குள் தயாராக இருக்கின்றன, அவற்றை இயக்கும் புரதங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் அந்தப் புரதங்களின் மேல் வேறொரு தடைப் புரதம் ஏறி உட்கார்ந்திருக்கும். ஆக்சின் வந்ததும் என்ன செய்கிறது தெரியுமா? டிஐஆர்1 என்று ஒரு புரதம், அதில் குழி மாதிரி ஒரு பள்ளம். ஆக்சின் அந்தப் பள்ளத்தின் அடியில் போய் உட்காருகிறது. உடனே தடைப் புரதத்துக்கு அந்தப் பள்ளம் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது, வந்து ஒட்டிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஆக்சின் பசை. ஒட்டிய தடைப் புரதத்தின் மேல் "அழிக்க" என்று முத்திரை விழுகிறது, செல்லின் புரத அரவை எந்திரத்துக்குள் போகிறது, தீர்ந்தது. தடை போனதும் மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. எல்லாம் சில நிமிடங்களில். டார்வின் சந்தேகப்பட்டு 125 வருஷம் கழித்து, 2005-ல், இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் இந்த டிஐஆர்1-ஐ ஆக்சினின் ஏற்பி, அதாவது ஆக்சினின் சேதியை வாங்கிக்கொள்ளும் புரதம், என்று காட்டின. அந்தப் பசைப் படத்தை 2007-ல் எடுத்தார்கள். அதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கண் வலியும் காரணமாக இருக்கலாம்.

இது ஆக்சினுக்கு மட்டும் உரிய தந்திரம் என்றால் ஆச்சரியத்தோடு விட்டிருப்பேன். தண்டை உயர்த்தும் ஹார்மோனான ஜிப்ரலினும் இதே கதை. அங்கே தடைப் புரதத்தின் பெயர் டெல்லா. ஸ்ட்ரிகோலாக்டோனும் ஒரு தடையைத்தான் அழிக்கிறது. பழுக்க வைக்கும் எத்திலீன் இன்னும் விசித்திரம். அதன் ஏற்பி எத்திலீன் இல்லாத நேரமெல்லாம் தடையை விலகாமல் பிடித்து வைத்திருக்கும், எத்திலீன் வந்தால்தான் கையை எடுக்கும். வெளிச்சம்கூட அப்படித்தான். இருட்டில் முளைத்த நாற்று வெளிறி, தலை குனிந்து, ஒட்டடைக்குச்சி மாதிரி நீண்டு நிற்கும் அல்லவா? பச்சையாகி இலை விரிக்கும் வேலையைச் சிஓபி1 என்ற புரதம் அப்போது அடக்கி வைத்திருக்கிறது. அந்தப் புரதம் பழுதான செடி, கும்மிருட்டில்கூட வெயில் அடிக்கிறதாக்கும் என்று நினைத்து இலையை விரித்துவிடுகிறது, பாவம். செல்லைப் பிரிக்கும் சைட்டோகைனின் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராமல், சேதியைக் கைமாற்றிக் கைமாற்றி மரபணு வரைக்கும் நேரே கொண்டுபோகிறது. வீட்டுக்கு ஒரு பிள்ளை அப்படி இருக்கும்.

உனக்குக் கணக்குதானே பிடிக்கும், ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு செடி குட்டையாக இருக்கிறது. ஜிப்ரலின் சுரக்கவில்லையா, சுரந்தும் காதில் விழவில்லையா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். மெண்டலின் குட்டைப் பட்டாணி முதல் வகை. ஜிப்ரலினைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதியின் மரபணுவில் பிழை. அவர் நெட்டை குட்டை என்று எண்ணிக் கணக்குப் போட்ட அந்தக் காரணி எது என்று 1997-ல் கண்டுபிடித்தார்கள். 1966-ல் வெளியான ஐஆர்8 நெல்லும் இதே வகைதான், ஜிப்ரலின் தயாரிக்கும் வழியில் ஒரு படி பழுது. மரபணு எது என்று தெரிந்தது 2002-ல். ஆனால் பசுமைப் புரட்சிக்கு வித்திட்ட நார்மன் போர்லாக்கின் குட்டைக் கோதுமை அப்படியில்லை. ஜப்பானின் நோரின் 10 வகையிலிருந்து அவருக்குக் கிடைத்த மரபணு டெல்லாவுடையது. அந்த டெல்லாவில் ஜிப்ரலினுக்குக் கட்டுப்படும் துண்டு இல்லை. எவ்வளவு ஜிப்ரலின் தெளித்தாலும் கயிறு அவிழாது. நெல்லுக்கு ஜிப்ரலின் தெளித்தால் உயரும், அந்தக் கோதுமை அசையாது. இதுதான் விடை காணும் வழி. இரண்டிலும் தண்டு குட்டை, கதிர் கனத்தாலும் பயிர் சாயாது. கோடிக்கணக்கான பேர் பசியாறியதில் ஒரு தடையை அவிழவிடாமல் கெட்டியாகப் பிடித்த மரபணுவுக்கும் பங்கு உண்டு.

நேர் எதிரான கதையும் இருக்கிறது. ஜப்பானில் நெல் நாற்று சில சமயம் மளமளவென்று உயரமாகி, நோஞ்சானாகி, சாய்ந்து விழும். அதற்கு 'முட்டாள் நாற்று' நோய் என்று பெயர் வைத்திருந்தார்கள். 1926-ல் குரோசாவா என்பவர் ஒரு பூஞ்சை சுரக்கும் பொருள்தான் காரணம் என்று காட்டினார். ஜிப்ரலின் உலகத்துக்கு அறிமுகமானதே அப்படித்தான், ஒரு பூஞ்சை திருட்டுத்தனமாகக் கயிற்றை அவிழ்த்து. நாற்று முட்டாள் இல்லை, வந்த சேதியை நம்பியது, அவ்வளவுதான். பெயர் வைத்தவர்களிடம் எனக்குக் கோபம்.

இவ்வளவு எழுதியும் உன் செம்பருத்தியில் ஏன் சரியாக மூன்று கிளை, ஏன் நாலோ இரண்டோ இல்லை என்று கேட்டால் என்னிடம் நேரான பதில் இல்லை. விழித்த மொட்டும் தன் ஆக்சினைத் தண்டுக்குள் விடப் பார்க்கும், முந்திக்கொண்டது பிந்தியதை அடக்கும். அந்தப் போட்டியில் மூன்று ஜெயித்திருக்கிறது. அதிலும் மேலே இருப்பதுதான் எல்லாவற்றையும்விட நீளமாக இருக்கும், போய்ப் பார்த்துவிட்டு எழுது. இப்போது ஆர்வத்தில் நீயே மறுபடி நுனியைக் கிள்ளிவிடாதே, கிளைகள் கொஞ்சம் முற்றட்டும்.

முழங்காலுக்கு என்ன சொன்னார்கள் என்பதை அடுத்த கடிதத்திலாவது ஒழுங்காக எழுது. படியேறி மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையைப் பையனிடம் கொடு. திட்டு வாங்கியதற்குச் சம்பளமாக ஒரு பெட்டியும் நாலு விதையும் கொடுத்து அந்தச் சோதனையை வைக்கச் சொல். பெட்டியின் பின்பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு வைக்கச் சொல்.

அன்புடன்,
மங்கை

பி.கு.: பெட்டியில் ஓட்டை இருந்தாலும் அடைக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. அவனாகவே கண்டுபிடிக்கட்டும்.