கேள்விக்குறிகளாகிப் போன திருத்தங்கள்: நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கும் கணினிப் பிரிவினருக்கும், வணக்கம்.

மாணவர்களின் மதிப்பெண்ணும் திருத்தக் குறிப்பும் இனிமேல் புதிய இணையத் தளத்தில் மட்டுமே என்ற உங்கள் சுற்றறிக்கையும், அதில் தமிழ் எழுத்து சரியாகப் பதிவாவதில்லை என்று தமிழ்ப் பிரிவிலிருந்து போன மூன்று மின்னஞ்சல்களும் உங்களிடமே இருக்கின்றன. அவற்றைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. போன செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கைப்பேசியை நீட்டி, "மிஸ், இது என்ன?" என்றாள். திரை முழுக்க, வரிவரியாக, கேள்விக்குறிகள். அவள் கட்டுரைக்கு நான் எழுதிய குறிப்புதான் அது. வீட்டில் நம் மொரீஷியஸ் பேச்சுமொழியான கிரியோல் பேசி வளர்ந்த பிள்ளை. ல, ள, ழ மூன்றும் அவள் காதுக்கு ஒன்றுதான். 'வாலை', 'வாளை', 'வாழை' என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கியிருந்தேன். 19 பேருக்கும் இப்படித் தனித்தனியாக, ரோஸ் ஹில் வீட்டில் மூன்று இரவு விழித்து எழுதினேன். அவளுக்குக் கிடைத்தது கேள்விக்குறி, கேள்விக்குறி, கேள்விக்குறி. தான் எழுதியது எதுவுமே எனக்குப் புரியவில்லை என்று பயந்து போய் வந்திருந்தாள்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள்; எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கும். கேள்விக்குறி விழுந்தால் பெரும்பாலும் சேமிக்கும்போதே எழுத்து தொலைந்திருக்கும். உங்கள் பிரிவும் தேடிப் பார்த்துவிட்டு, மீட்க முடியாது என்றது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் 1991 முதல் இருக்கும் எழுத்து இது. எழுபது வயது அம்மா தினமும் வாட்ஸ்அப்பில் எனக்குத் தமிழில்தான் காலை வணக்கம் அனுப்புகிறார்.

கூடவே ஓர் ஆலோசனையும் வந்தது: "ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள்." ஐயா, ழகரத்தை ஆங்கிலத்தில் எழுதினால் 'இசட் எச்' என்று இரண்டு எழுத்து வரும்; நாக்கு மடியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஆண்டு மதிப்பீட்டுக்கும் இதே தளம்தான் கணக்கு எடுக்கிறது. எத்தனை முறை உள்நுழைந்தோம், எத்தனை கோப்பு ஏற்றினோம், குறிப்பை நேரத்துக்கு முடித்தோமா. தொலைந்து போன என் 19 குறிப்புகளும் 'முடிந்தது' என்று பச்சை நிறத்தில் ஒளிர்கின்றன! கருவி வேலைக்குப் பொருந்தினால்தான் செய்பவரின் திறன் கூடும் என்று குட்ஹியூ, தாம்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1995இலேயே எழுதிவிட்டார்கள். மேலாண்மைத் துறையில் அதைப் பாடமாகவே நடத்துகிறார்கள். நிர்வாக மாடிக்கு அது ஏறவில்லை போலும்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். தமிழில் எழுதினால் தமிழாகவே சேமிக்க வேண்டும். அது சரியாகும் வரை தாளில் திருத்த அனுமதி வேண்டும்.

1998இல் புதிய ரூபாய்த் தாள்களில் தமிழ் இந்திக்குக் கீழே போனபோது இந்தத் தீவு என்ன பாடு பட்டது என்பதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். மத்திய வங்கி அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று, தமிழைப் பழைய இடத்திலேயே வைத்து மறுபடி அச்சடித்தது. அன்று வரிசை மாறியதற்கே அவ்வளவு. இங்கே எழுத்தே இல்லை. ஒரு மன்னிப்பு மின்னஞ்சல்கூட வரவில்லை. காவடித் திருநாளுக்கு வாழ்த்து மட்டும் தவறாமல் வருகிறது, அதுவும் ஆங்கிலத்தில்.

கோபத்தில் சற்று அதிகம் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: தமிழ் தமிழாகச் சேமிக்கப்படட்டும், அதுவரை தாளும் சிவப்பு மையும் போதும். அடுத்த கட்டுரைகள் இன்னும் இரண்டு வாரத்தில் என் மேசைக்கு வந்துவிடும். அதற்குள் ஒரு வரி பதில் போட்டால் நன்றி உடையவளாவேன்.

தமிழ்ப் பிரிவு விரிவுரையாளர் ஒருத்தி,
மொரீஷியஸ்