அத்தையின் ரிப்போர்ட்டில் இருந்த அந்த வரி

அன்புள்ள கயல்,

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டபோது மழுப்பிவிட்டேன். அத்தை பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தாள். தூங்கினாளா, தூங்குகிற மாதிரி இருந்தாளா, தெரியவில்லை. அத்தையின் மார்பகப் புற்று ரிப்போர்ட்டில் இருக்கிற 'ஹெர்-2 பாசிட்டிவ், 3 பிளஸ்' என்றால் என்ன என்று கேட்டாய் அல்லவா? 31 வருஷம் விலங்கியல் நடத்தியவனுக்குப் போனைவிட எழுத்துதான் வசதி.

அத்தைக்கு வேறு கவலை. போன ஐப்பசியில் டிரைவர் பிரேக் போட்டபோது பஸ் கம்பி மார்பில் இடித்ததாம். "அந்த அடிதான் கட்டியாயிடுச்சா அண்ணா?" என்று தினம் ஒரு தடவை கேட்கிறாள். விசாரிக்க வருகிறவர்களும் ஆமாம் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

அதற்குப் பதில் என் கட்டைவிரலிலேயே இருக்கிறது. பத்து நாளைக்கு முன் மாங்காய் நறுக்கும்போது அரிவாள்மனை நன்றாக இறங்கிவிட்டது. (அம்மாவிடம் சொன்னது 'லேசான கீறல்'.) இப்படி ரத்தம் உறைகிற இடத்தில் தட்டணுக்கள் ஒரு புரதத்தைக் கொட்டும். பிடிஜிஎஃப் என்று பெயர், வளர்ச்சிக் காரணிகளில் ஒன்று. வந்து பெருகி இந்த இடத்தை மூடுங்கள் என்று சுற்றியுள்ள செல்களுக்கு ஆள் அனுப்புகிற வேலை அதற்கு. மூன்றாம் நாள் ஓரமெல்லாம் சிவந்து வீங்கியது. ஆறாம் நாள் அடியில் ரோஸ் நிறத்தில் பொடிப்பொடியாகச் சதை. இன்று காலை பக்கு உதிர்ந்து வெளிறிய தோல் தெரிகிறது, ஒரே அரிப்பு. ஆணை நின்றது, செல்களும் நின்றன. அடிபட்ட இடமெல்லாம் கட்டியாகும் என்றால் நம் வீட்டில் அடுப்படிப் பக்கம் போன ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டோம்.

இந்தக் காரணிகளைக் கண்டுபிடித்த கதையே கட்டியில்தான் தொடங்குகிறது. எலியின் கட்டி ஒன்றைக் கோழிக்கருவில் வைத்தால், கருவின் நரம்புகள் தறிகெட்டு வளர்வதை ரீட்டா லெவி-மொண்டால்சினி கவனித்தார். அவரோடு வேலை செய்த ஸ்டான்லி கோஹன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த குட்டிகளுக்கு ஊசி போட்டார். இரண்டு வாரம் போல ஆகவேண்டிய கண் திறப்பு ஒரே வாரத்தில் நடந்தது. பல்லும் சீக்கிரம் முளைத்தது. அந்தச் சாற்றில் இருந்ததுதான் ஈஜிஎஃப் என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி. 1986-ல் இருவருக்கும் நோபல்.

1983-ல் நடந்தது எனக்கு இன்னும் பிடிக்கும். பிடிஜிஎஃப் எந்த அமினோ அமில வரிசையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஏற்கெனவே தெரிந்த புரதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குரங்குக்குக் கட்டி வரவழைக்கும் ஒரு வைரஸின் ஜீனோடு அது ஒத்துப்போனது! வைரஸ் புகுந்த செல், காரணியைத் தானே செய்து தனக்கே ஆணையிட்டுக்கொள்கிறது. புண்ணே இல்லை, ஆனால் புண் ஆறுகிற வேலை மட்டும் ஓயாமல் நடக்கிறது. இவ்வளவையும் நான் வகுப்பில் 'கட்டுப்பாடற்ற செல் பிரிதல்' என்று எழுதிப்போட்டு, இரண்டு மார்க் கேள்வியோடு முடித்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சரி, ஹெர்-2. அது காரணி இல்லை. செல்லின் மேல் இருந்து சேதி வாங்குகிற ஏற்பி, ஈஜிஎஃப் ஏற்பிக்குப் பங்காளி. சாதாரணமாக ஒரு செல்லில் அதன் ஜீன் இரண்டு பிரதிதான் இருக்கும். அத்தையின் கட்டியில் அது பல மடங்காகிவிட்டது. அதனால் செல் முழுக்க ஏற்பிகள் நெருக்கியடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, காரணி எதுவும் வராமலே 'பெருகு' என்று உள்ளே சொல்கின்றன. ரிப்போர்ட்டில் '3 பிளஸ்' என்று போட்டிருப்பது இந்த நெரிசலைத்தான். பழைய வீட்டில் மழை நனைந்தால் ஆளே இல்லாமல் காலிங் பெல் அடிக்குமே, அது மாதிரி. பஸ் கம்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வலித்ததால் தடவிப் பார்த்தாள், இருந்த கட்டி கையில் பட்டது. அந்தக் கம்பிக்கு நன்றிதான் சொல்லவேண்டும்.

ஆறவே விடாத புண் வேறு விஷயம். பெரியப்பா நாற்பது வருஷம் கன்னத்தில் பாக்கு அடக்கியே கடைசியில் வாய் திறக்க முடியாமல் போனது உனக்கு நினைவிருக்கும். தினமும் புண், தினமும் பெருகச் சொல்லி ஆணை. பெருகும் ஒவ்வொரு தடவையும் ஜீனில் பிழை சேர வாய்ப்பு. இதை அத்தையிடம் சொல்லவில்லை, குழப்பிக்கொள்வாள்.

ஹெர்-2 பெருகியிருந்தால் மார்பகப் புற்று வேகமாகத் திரும்பி வரும் என்று டென்னிஸ் ஸ்லேமன் குழு 1987-ல் காட்டியது. அந்த ஏற்பியையே போய்ப் பிடிக்கிற டிராஸ்டுசுமாப் மருந்து அமெரிக்காவில் 1998-ல் அனுமதி பெற்றது. அத்தைக்கும் அதுதான். முதலில் கீமோவோடு சேர்த்து, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் ஒரு வருஷம். மருந்து இதயத்தைத் தொடலாம் என்பதால் இடையிடையே எக்கோ எடுப்பார்கள். கட்டி சின்னது, அக்குளில் பரவவில்லை.

பஸ் கம்பி விஷயத்தை நான் சொன்னால், "நீ வாத்தியார், அப்படித்தான் சொல்லுவே" என்கிறாள். நீ சொன்னால் கேட்பாள். அடுத்த வெள்ளிக்கிழமை மைசூர் வண்டியில் டிக்கெட் கிடைக்கிறதா பார். ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன், ஸ்கூட்டர் ஓட்டுகிற அளவுக்கு விரல் சரியாகிவிட்டது.

அன்புடன்,
அப்பா