பெற்றோர்களுக்குக் கடிதம்: பருவ நிறைவும் ஒன்பதாம் வகுப்பின் நட்சத்திரக் கணக்கும்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்திருக்கிறது. விளையாட்டு விழா, பேச்சுப்போட்டி, அறிவியல் கண்காட்சி எல்லாவற்றிலும் பிள்ளைகள் ஆர்வத்தோடு கலந்துகொண்டார்கள். தேர்ச்சியும் திருப்தியாகவே இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு வீட்டுப்பாடம் ஒன்றைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. சிரியஸ் நட்சத்திரத்தின் ஒளி நம்மை வந்தடைய 8.6 ஆண்டு ஆகிறது. புரோசியான் என்னும் இன்னொரு நட்சத்திரத்தின் ஒளிக்குச் சுமார் 11.5 ஆண்டு. வானத்தில் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 26 பாகை. இவை இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி.

திருத்த வந்த நோட்டுகளில் பெரும்பாலானவற்றில் ஒரே விடை: 2.9 ஒளியாண்டு (ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம் ஓர் ஒளியாண்டு). பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே திசையில், ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால்தான் அது பொருந்தும். விடை தவறியதில் எனக்கு வருத்தமில்லை. ஏன் கழித்தாய் என்று கேட்டபோது, "வீட்டில் போட்டுக் கொடுத்தார்கள்" என்று பிள்ளைகள் தலைகுனிந்ததுதான் வருத்தம். சில நோட்டுகளில் கையெழுத்தே வேறு.

ஓர் ஒளியாண்டுக்கு ஒரு செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 8.6 செ.மீ.க்கு ஒரு கோடு, அதே புள்ளியிலிருந்து 26 பாகை தள்ளி 11.5 செ.மீ.க்கு இன்னொரு கோடு. முனைகளை இணைத்து அளந்தால் 5.3 செ.மீ. வரும். அதாவது ஐந்தேகால் ஒளியாண்டுக்குச் சற்று மேல். பாகைமானியும் அளவுகோலும் போதும். ஒரு மாணவி பலமுறை அழித்து அழித்து வரைந்து 5.6 என்று எழுதியிருந்தாள். இந்தப் பருவத்தில் என்னை மிகவும் மகிழ்வித்த நோட்டு அதுதான்.

நட்சத்திர ஒளி கிளம்பி வரும் நேரத்தை யாரும் கடிகாரம் வைத்து அளப்பதில்லை. 1838இல் ஜெர்மானிய வானியலாளர் பெசல் ஒரு நட்சத்திரத்தின் தூரத்தைக் கண்டதும் கோணத்தை அளந்துதான்: பூமி சூரியனைச் சுற்றும்போது அந்த நட்சத்திரம் வானில் எவ்வளவு இடம் மாறித் தெரிகிறது என்று பார்த்தார். பிள்ளைகள் கைப்பட வரைந்து பழக வேண்டியதும் கோணத்தைத்தான்.

ஆகவே கண்டிப்பாகவே சொல்கிறேன்: பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை நீங்கள் செய்து தராதீர்கள். இனி அப்படி வரும் நோட்டுகள் திருத்தப்படாமல் திருப்பி அனுப்பப்படும்.

வேலை முடிந்து களைத்து வந்த பிறகும் பிள்ளையின் பக்கத்தில் உட்காருகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த அக்கறைக்கு மனமார்ந்த நன்றி. அருகில் இருந்து கேள்வி மட்டும் கேளுங்கள். சூரிய ஒளி நமக்கு வர 500 நொடி. ஒளி நொடிக்கு மூன்று லட்சம் கி.மீ. போகிறது, அப்படியென்றால் சூரியன் எவ்வளவு தூரம்? பதினைந்து கோடி என்று பிள்ளையே பெருக்கிச் சொல்லட்டும். ஒளியாண்டு என்பது காலமா, தூரமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

விடுமுறை முடிந்து வரும் முதல் நாளில் அந்த நட்சத்திரப் படத்தை எல்லோரும் புதிதாக வரைந்து கொண்டுவர வேண்டும். கோடு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்