ஹேன்சன் கதையையும் சொல்லுங்கள்: இல்லினாய்ஸ் சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாநிலத்து நம்பர் பிளேட்டில் லிங்கன் பெயர் இருக்கிறது. தகும். ஆனால் அவர் இல்லினாய்ஸில் குடியேறியது 1830இல். அதற்கு முன்பே அங்கே அடிமை முறையை எதிர்த்து மல்லுக்கட்டிய ஆளுநர் எட்வர்ட் கோல்ஸைப் பற்றித்தான் இந்த மடல்.

கோல்ஸ் வர்ஜீனியாப் பண்ணையாரின் மகன், அதிபர் மேடிசனின் செயலாளர். அடிமை ஒழிப்புக்குத் தலைமை தாங்குங்கள் என்று 1814இல் முன்னாள் அதிபர் ஜெஃபர்சனுக்கே எழுதினார். எனக்கு வயதாகிவிட்டது, இளைஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று பெரியவர் நழுவிவிட்டார். கோல்ஸ் 1819இல் தன் அடிமைகளோடு மேற்கே கிளம்பினார். ஒஹாயோ ஆற்றில் படகு போய்க்கொண்டிருக்கும்போதே, இனி உங்களுக்கு விடுதலை என்று அவர்களிடம் அறிவித்தார். இல்லினாய்ஸ் சேர்ந்ததும் அவர்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 160 ஏக்கர் நிலமும் கொடுத்தார்.

1822இல் நான்குமுனைப் போட்டியில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாக்கை வைத்தே ஆளுநரானார். எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? அரசியலமைப்பைத் திருத்தி அடிமை முறையைச் சட்டமாக்க மாநாடு கூட்டப் பார்த்தது. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. கீழவையில் ஒரு வாக்கு குறைந்தது. எதிர்த்து வாக்களித்த நிக்கோலஸ் ஹேன்சன் ஏற்கெனவே முறைப்படி பதவியில் அமர்ந்தவர். 1823 பிப்ரவரியில் அவரை வெளியே தள்ளி, அதே தொகுதிக்கு உரிமை கோரிய ஜான் ஷாவை உட்காரவைத்துத் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். செய்தது உங்கள் அவைதான்.

முடிவு மக்கள் கைக்குப் போனது. கோல்ஸ் தன் பதவிக்காலச் சம்பளம் 4,000 டாலரையும் எதிர்ப்புப் பிரசாரத்துக்கே கொடுத்தார். 1824 ஆகஸ்டு 2ஆம் தேதி மாநாடு வேண்டாம் என்றவர்கள் 6,640 பேர், வேண்டும் என்றவர்கள் 4,972. இதற்கிடையே, பிணைத்தொகை கட்டாமல் அடிமைகளை விடுவித்தார் என்று அவர்மேலேயே வழக்கு! 2,000 டாலர் தண்டம் விதித்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் தப்பினார்.

அத்தோடு எல்லாம் சுபம் என்றும் சொல்லிவிட முடியாது. ஒப்பந்தம் என்ற பெயரில் கொத்தடிமை வேலை தொடர்ந்தது. கறுப்பினத்தவர் குடியேறக்கூடாது என்று 1853இலும் ஒரு சட்டம் போட்டீர்கள்.

கோல்ஸ் பெயரில் ஒரு கவுண்டி (மாவட்டம்) இருக்கிறது. புதிதாகச் சிலை கேட்கவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டு சட்டமன்றத்தைச் சுற்றிப் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு அந்த 1824 வாக்கெடுப்பைப் பற்றிச் சொல்லுங்கள். சொல்லும்போது ஹேன்சனை வெளியேற்றிய கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அமெரிக்க வரலாற்றை விரும்பிப் படிக்கும் ஒரு தமிழ் வாசகர்