அது கறி அல்ல, கரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் கார் பந்தய வீரர் நரேன் கார்த்திகேயனை நேரில் பார்த்த ரசிகர்களின் நினைவுகளைச் சென்ற இதழில் நாலு பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். ஆசையாகத்தான் பிரித்தேன். விமான நிலையத்தில் ஒரு செல்ஃபி, கல்யாண மண்டபத்தில் ஒரு செல்ஃபி. அவரவர் கொடுப்பினை. மூன்றாம் பக்கத்தில், நம் கோவைக் கார் பந்தயத் தடத்தைப் பற்றி 'செட்டிபாளையத்தில் உள்ள கறி மோட்டார் ஸ்பீட்வே' என்று ஒரு வரி. காபியைக் கீழே வைத்துவிட்டேன். என்ன கறிங்க அது? ஆட்டுக்கறியா, கோழிக்கறியா?

கரிவரதன் என்ற கோவைக் கார் பந்தய வீரரின் நினைவாக வைத்த பெயர் அது. கரி என்றால் யானை, யானைக்கு அருளிய பெருமாள் கரிவரதர். தமிழ்ப் பத்திரிகை நடத்தும் உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

எண்பதுகளின் நடுவில், கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கையாளாக இருந்தேன். இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு, நீலகிரி எக்ஸ்பிரஸில் பொதுப் பெட்டியில் நின்றபடியே மெட்ராஸ் போய், செங்குன்றம் பஸ் பிடித்து சோழவரம் போனேன். இரண்டாம் உலகப் போரில் போட்ட விமான ஓடுதளத்தில்தான் பந்தயம். வெயிலும் புழுதியும் சொல்லி மாளாது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் கரிவரதன் காருக்கடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு படுத்திருந்தார். லட்சுமி மில் குடும்பத்துப் பிள்ளை, கையைப் பார்த்தால் எங்கள் பட்டறை மேஸ்திரி கை. எழுந்து வந்தவர், நான் நீட்டிய காகிதத்தில் பேனாவை விடக் கட்டைவிரலைத்தான் அழுத்தமாக வைத்தார். கையெழுத்து கோணல், கிரீஸ் ரேகை மட்டும் அச்சு மாதிரி விழுந்திருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. ஊருக்குத் திரும்பும் வரை அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் கூட வைக்கவில்லை, கையிலேயே பிடித்திருந்தேன்.

உங்கள் கட்டுரையின் முதல் வரியோ, நரேனுக்கு முன்னால் கார் பந்தயம் என்றால் தமிழ்நாட்டுக்கு என்னவென்றே தெரியாது என்கிறது. அப்படியானால் சோழவரத்தில் ஆயிரக்கணக்கில் கூடிய நாங்களெல்லாம் மாடு மேய்க்கப் போனோமா? நரேன் முதன்முதலில் ஓட்டிய ஃபார்முலா மாருதி காரை வடிவமைத்தவரே கரிவரதன்தான். மாருதி 800 இன்ஜினை வைத்து, நடுத்தரக் குடும்பத்துப் பையனும் உட்காரும் விலையில் பந்தயக் கார் செய்தவர். நரேன் மேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. 2005இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் அவர் நான்காவதாக வந்தபோது தெருவுக்கே ஜிலேபி கொடுத்தவன் நான். அன்றைக்கு டயர் தகராறில் 14 கார்கள் விலகி, ஆறே கார்கள்தான் ஓடின. அதைச் சொல்லிச் சொல்லி இளக்காரம் செய்தவர்கள் பத்திரிகைக்காரர்கள்தான். இன்று அவர்களே மாலை போடுகிறார்கள். கிரிக்கெட்டில் மழை பெய்து ஆட்டம் நின்றால் அரைப் பக்கம் எழுதுவீர்கள். ராத்திரியில் ரோட்டில் பைக்கை உறுமவிட்டு ஆளைக் கொல்கிறவனுக்கு 'ரேஸர்' என்று பட்டமும் கொடுப்பீர்கள். ஹெல்மெட்டும் பெல்ட்டும் இல்லாமல் தடத்துக்குள்ளேயே விடமாட்டார்கள் என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்! ஒன்றாவது வந்ததா?

1995இல் கரிவரதன் சிறு விமான விபத்தில் இறந்தபோது, அஞ்சலிக் கட்டுரைக்கு உதவும் என்று அந்தக் கையெழுத்துக் காகிதத்தையே உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினேன். நகல் எடுக்கத் தோன்றவில்லை, அவ்வளவு நம்பிக்கை. திருப்பி அனுப்ப விலாசமெழுதிய உறையும் தபால் தலையும் வைத்திருந்தேன். அஞ்சலியும் வரவில்லை, உறையும் வரவில்லை. அன்று நீங்கள் அந்த நாற்காலியில் இல்லை, தெரியும். உங்களைக் குறை சொல்லவில்லை.

அடுத்த இதழில் ஒரு மூலையில், பெரிய 'ற'வை எடுத்துவிட்டுச் சின்ன 'ர' போட்டு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். ஒரே ஓர் எழுத்துதான். பழைய கோப்புகளை எடைக்குப் போடும்போது, கிரீஸ் கறை படிந்த நான்காய் மடித்த காகிதம் ஏதாவது கண்ணில் பட்டால் கீழுள்ள முகவரிக்கு அனுப்பிவையுங்கள். தபால் செலவை நானே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
முப்பத்தைந்து வருட வாசகன்,
கணபதி, கோவை - 6.